ஐப்பசிக்கு முன் முதியோருக்கு ஃப்ளூ ஊசி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வடகிழக்குப் பருவமழைக்காகச் சென்னை மாநகராட்சி செய்துவரும் ஏற்பாடுகளைப் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். மழைநீர் வடிகால் தூர்வாருதல், மோட்டார் பம்புகள், படகுகள், கொசு மருந்து என்று எல்லாம் இருந்தது. மழைக்காலத்தில் இந்த ஊரின் முதியவர்களைக் குறிவைத்து வரும் ஃப்ளூ காய்ச்சலைப் பற்றி ஒரு வரி இல்லை. உங்கள் மேல் குறையாகச் சொல்லவில்லை, அதிகாரிகள் சொன்னால்தானே நீங்கள் எழுத முடியும். மாநகராட்சியில் முப்பது ஆண்டுக்கும் மேல் சுகாதாரச் செவிலியராக ஓட்டேரி, புளியந்தோப்பு, வியாசர்பாடி பக்கம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். எனக்கே இப்போது 69 வயது. இதைச் சொல்ல எனக்குக் கடமை இருப்பதாக நினைக்கிறேன்.

ஆவணி மாதத்திலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. செய்ய வேண்டியதைப் புரட்டாசிக்குள் செய்தாக வேண்டும்.

போன வருஷம் என் அக்காவுக்கு நடந்ததிலிருந்து தொடங்குகிறேன். 74 வயது, கொளத்தூரில் மகன் வீட்டில் இருக்கிறார். சுகர் உண்டு, இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். அம்மா மேல் பாசம் உள்ள பிள்ளை, ஜூன் மாதமே ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப் போய் ஃப்ளூ ஊசி போட்டுக் கூட்டிவந்தான். நவம்பரில் அடைமழை நேரத்தில் அக்காவுக்கு உடம்புவலி, இருமல், மூச்சு வாங்கல். பரிசோதனையில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை என்று வந்தது. நிமோனியா ஆகி, ஐசியூவில் இருந்து, நல்லபடியாக வீடு திரும்பினார். "சித்தி, ஊசி போட்டும் வந்துச்சே, அப்புறம் எதுக்கு அந்த ஊசி?" என்று அவன் என்னைக் கேட்டான். நியாயமான கேள்வி. இந்த ஊரில் பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது. கேட்பவர்களுக்கு யாரும் முழுதாகப் பதில் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

அவனுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். ஃப்ளூ ஊசி போலியோ சொட்டு மருந்தைப் போலவோ அம்மை ஊசியைப் போலவோ உறுதியான காவல் தருவதல்ல. வைரஸும் ஊசியும் நன்றாகப் பொருந்திய ஆண்டில், எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால், நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 சதவீதம் வரை குறைக்கும். பொருந்தாத ஆண்டில் மிகவும் குறைந்துவிடும். அமெரிக்காவில் 2014-15 பருவத்தில் எச்3என்2 வைரஸ் மாறிப்போனதால் பாதுகாப்பு 20 சதவீதத்துக்கும் கீழே போனது. முதியவர்களுக்கு வரும்போது இன்னொரு சிக்கல். வயதாக வயதாக உடம்பின் எதிர்ப்புச் சக்தியும் தளர்கிறது, அதே ஊசிக்கு இளையவர் உடம்பு காட்டும் வேகத்தை முதியவர் உடம்பு காட்டுவதில்லை. எச்3என்2 வகையிடம் இந்தக் குறை இன்னும் கூடுதல். ஊசிக்கான வைரஸைக் கோழிமுட்டையில் வளர்க்கும்போது அது முட்டைக்கு ஏற்ப லேசாக மாறிவிடுவதும் அதற்கு ஒரு காரணம்.

இதை மறைக்காமல் சொன்னால் மக்கள் ஊசி போட மாட்டார்கள் என்று சில டாக்டர்கள் பயப்படுகிறார்கள். என் அனுபவம் வேறு. "வரவே வராது" என்று சொல்லிப் போட்ட ஊசிக்குப் பிறகு காய்ச்சல் வந்தால், அந்த வீட்டில் அடுத்த எந்த ஊசிக்கும் கதவு திறக்காது. "பாதி ஆபத்து குறையும், வந்தாலும் கடுமை குறைய வாய்ப்பு உண்டு" என்று சொல்லிப் போட்ட வீட்டில் மறு வருஷமும் கையை நீட்டுவார்கள். சளி, இருமலோடு வரும் காய்ச்சல்களில் பெரும்பாலானவை ஃப்ளூவே அல்ல, வேறு வைரஸ்கள். அவற்றை இந்த ஊசி தடுக்காது. அதையும் ஊசி போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

எண்ணிக்கையாகக் கேட்பவர்களுக்கு: 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனைகளையெல்லாம் தொகுத்து காக்ரேன் அமைப்பு 2018-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரு பருவத்தில் ஊசி போடாத முதியவர்களில் 100-க்கு 6 பேருக்கு ஃப்ளூ வந்தது, போட்டவர்களில் 100-க்கு 2.4 பேருக்கு. அதாவது ஏறத்தாழ 30 பேருக்குப் போட்டால் ஒருவர் தப்புகிறார். இந்தச் சான்று அவ்வளவு வலுவானதல்ல என்றும் அந்த அறிக்கையே சொல்கிறது. 30-க்கு ஒருவர் என்பது சிலருக்கு அற்பமாகத் தெரியலாம். ஹவுசிங் போர்டு குடியிருப்பில் ஒரு பிளாக்கிலேயே அறுபதைத் தாண்டியவர்கள் முப்பது பேர் இருப்பார்கள். மாடிப்படி மாடிப்படியாக ஏறியவள் நான். பிளாக்குக்கு ஒருவர் என்று கணக்குப் போட்டுப் பார்க்கும்போது எனக்கு அது அற்பமாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் இதைவிடப் பெரிய வாக்குறுதிகள் இருந்தன. இந்த ஊசி முதியவர்களின் சாவைப் பாதியாகக் குறைக்கிறது என்று மேலைநாட்டு ஆய்வுகள் வரிசையாகச் சொல்லின. அமெரிக்காவில் 1980-க்கு முன் முதியவர்களில் 15 சதவீதம் பேர் அளவில்தான் ஊசி போட்டுக்கொண்டார்கள், 2001-ல் 65 சதவீதம். ஆனால் குளிர்காலச் சாவு அதற்கேற்றபடி குறையவில்லை என்று 2005-ல் சிலர் கணக்கோடு காட்டினார்கள். ஏன் அப்படி? ஊசி போட்டுக்கொள்ள வருபவர்கள் முதலிலேயே ஓரளவு திடமாக இருப்பவர்கள். மறு வருஷமே வந்த இன்னோர் ஆய்வில், ஃப்ளூ பருவம் தொடங்குவதற்கு முன்னாலேயே ஊசி போட்டவர்களிடம் சாவு குறைவாக இருந்தது தெரிந்தது. ஃப்ளூவே இல்லாத மாதத்தில் ஃப்ளூ ஊசி யாரையும் காப்பாற்றியிருக்க முடியாதே!

எனக்கு இதைப் படித்தபோது வியப்பு வரவில்லை, ஏனென்றால் எங்கள் முகாம்களில் கண்ணால் பார்த்ததுதான் இது. முகாமுக்கு நடந்து வரும் பாட்டி காலையில் கோலம் போட்டு, பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு வருகிற பாட்டி. அதே தெருவில் மூன்றாவது மாடியில் மூச்சிரைப்போடு கட்டிலில் கிடக்கிற இன்னொரு பாட்டி முகாமுக்கு வர மாட்டார். அவருக்காகத்தான் முகாமே வைக்கிறோம், ஆனால் அவர் பதிவேட்டில் வர மாட்டார். சுகர், பிபி என்று எந்த முகாம் வைத்தாலும் இதே கதைதான். அதனால்தான் சொல்கிறேன், முதியவர்களுக்கான ஃப்ளூ ஊசியை மருத்துவமனையில் வைத்துவிட்டு "வந்து போட்டுக்கொள்ளுங்கள்" என்றால், அதிகம் தேவைப்படுகிறவருக்கு அது போய்ச் சேராது.

சரி, யாருக்கு அதிகம் தேவை? இதயநோய் உள்ளவர்களுக்கு என்பது என் பதில். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பரிசோதனையில் ஃப்ளூ உறுதியான நோயாளிகளைப் பார்த்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு கூடுகிறது. மாரடைப்பு வந்தவர்களுக்கு மருத்துவமனையிலேயே ஃப்ளூ ஊசி போட்டுப் பார்த்த இன்னொரு சோதனை வங்கதேசம் உட்பட 8 நாடுகளில் நடந்தது. முடிவு 2021-ல் வெளியானது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் ஊசி போட்டவர்களில் 2.9 சதவீதம், மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 4.9 சதவீதம். இது சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் ஆட்களைப் பிரித்துச் செய்த சோதனை, ஆகவே திடமானவர்கள் ஒருபக்கம் சேர்ந்துவிட்டார்கள் என்ற குறையை இதில் சொல்ல முடியாது. இதயம் பலவீனமானவர்களிடம் இந்தியா உட்பட ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் நடந்த சோதனை 2022-ல் வந்தது. அதில் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றையும் சேர்த்த முதன்மைக் கணக்கில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. ஆனால் நிமோனியா 40 சதவீதம் அளவுக்குக் குறைந்தது, மருத்துவமனையில் சேர்வதும் குறைந்தது. அரசு மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்து டிஸ்சார்ஜ் சீட்டு கொடுக்கும்போதே ஒரு ஃப்ளூ ஊசியும் போட்டு அனுப்பலாம் என்று நான் கேட்பது இதனால்தான்.

இனி மாதக் கணக்கு. என் அக்கா விஷயத்தில் எனக்கு உறுத்துவது இதுதான்.

2009-ல் பன்றிக்காய்ச்சல் என்று நாம் சொன்ன எச்1என்1 வந்த பிறகு, நாட்டின் பல ஊர்களில் ஃப்ளூவைத் தொடர்ந்து கண்காணித்தார்கள். டெல்லி, லக்னோ, புனே, நாக்பூர், கொல்கத்தா, ஆலப்புழை எல்லாவற்றிலும் ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம். ஸ்ரீநகரில் ஜனவரி முதல் மார்ச் வரை. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பரில் உச்சம். நமக்கு மழை வரும்போது நமக்கு ஃப்ளூ. எல்லா ஆண்டும் அச்சு மாறாமல் இப்படியே இருக்கும் என்று சொல்லவில்லை. 2023-ல் மார்ச் மாதத்திலேயே எச்3என்2 பரவி, தமிழகம் முழுக்கக் காய்ச்சல் முகாம் நடத்த வேண்டி வந்தது. ஆனாலும் ஒரே ஒரு முறைதான் ஊசி என்றால், இந்த ஊருக்கு உகந்த நேரம் ஐப்பசிக்கு முன்தான்.

ஊசி போட்டு உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் ஆகும். அதன்பின் மாதாமாதம் அது கரையும், முதியவர்களிடம் சீக்கிரமாகவே கரையும். ஜூனில் போட்டுக்கொள்வது புனேக்காரருக்குச் சரி. நம் ஊரில் ஜூனில் போட்டால், நவம்பர் அடைமழையில் வைரஸ் வரும் நேரம் ஊசிக்கு ஐந்து மாத வயதாகிவிடும். செப்டம்பரில் போட்டிருந்தால் அக்காவுக்குக் காய்ச்சலே வந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது, அப்போதும் வந்திருக்கலாம். வாய்ப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் செலவில்லாமல் கிடைக்கும் அந்த லாபத்தை ஏன் விட வேண்டும்? தேதியை மாற்றுவதற்கு ஒரு ரூபாய்கூட ஆகாது.

இன்னொரு விவரம். உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரு முறை ஊசியின் கலவையைத் தீர்மானிக்கிறது. பிப்ரவரியில் பூமியின் வடபாதிக்கு, செப்டம்பரில் தென்பாதிக்கு. பிப்ரவரியில் தீர்மானிப்பது தயாராகி வர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். பெட்டியின் மேல் எந்தப் பருவத்துக்கானது என்று அச்சிட்டிருப்பார்கள். செப்டம்பரில் போட்டுக்கொள்பவர்கள் புதிய கலவைதானா என்று கேட்டுப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம், கேட்பதில் தவறே இல்லை. நான்கு வகை வைரஸுக்கான ஊசிதான் வேண்டும் என்று அலையவும் வேண்டாம். அதில் நான்காவதாக இருக்கும், ஃப்ளூ பி வகையின் யமகாட்டா என்ற கிளை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. மூன்று வகை போதும் என்று உலக சுகாதார நிறுவனமே 2023 முதல் சொல்லிவருகிறது.

முதியவர்களுக்கென்றே நான்கு மடங்கு மருந்து கொண்ட ஊசி சில நாடுகளில் உண்டு. 2014-ல் வெளியான ஒரு பெரிய சோதனையில் சாதாரண ஊசியைவிட 24 சதவீதம் கூடுதலாகத் தடுத்தது. டென்மார்க்கில் மூன்று லட்சம் பேருக்கும் மேல் சேர்த்து நடத்தி 2025-ல் வந்த சோதனையிலோ, ஃப்ளூவாலும் நிமோனியாவாலும் மருத்துவமனையில் சேர்வதில் தெளிவான வித்தியாசம் இல்லை. விலை கூடிய அந்த ஊசிக்காக நாம் காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரண ஊசியே இங்கே பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கவில்லையே.

கிடைக்காததற்குக் காரணம் விலை. தனியாரிடம் ஓர் ஊசி ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று ஆகிறது. அரசு தரும் முதியோர் ஓய்வூதியம் 2023-ல்தான் 1,200 ரூபாய் ஆனது. ஒரு மாத ஓய்வூதியத்தை அப்படியே கொடுத்தாலும் போதாத ஊசியை எந்தப் பாட்டி போட்டுக்கொள்வார்? மாத்திரை, அரிசி, பால் என்று அந்தப் பணத்துக்கு எத்தனை செலவு காத்திருக்கிறது என்பது எனக்குத் தெரியும். தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. ஆனால் ஹஜ் பயணம் போகும் முதியவர்களுக்கு மூளைக்காய்ச்சல் தடுப்பூசியோடு ஃப்ளூ ஊசியையும் அரசே போட்டு அனுப்புகிறது. நல்ல காரியம். மெக்காவின் கூட்டத்தில் உள்ள ஆபத்து ஒரே அறையில் ஏழு பேர் படுத்துத் தூங்கும் வீட்டிலும் இருக்கிறது. அங்கே இருக்கும் முதியவர்களுக்கும் அதே அக்கறை வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

புதிதாக ஓர் ஏற்பாடும் தேவையில்லை. 2 முதல் 8 டிகிரியில், உறையாமல் வைக்க வேண்டிய ஊசி இது. குழந்தைகளுக்கான ஊசிகளை வைத்திருக்கும் அதே ஐஸ் பெட்டியில் இதையும் வைக்கலாம். தோள்பட்டையில் ஒரே ஒரு ஊசி, கை பழகிய செவிலியருக்கு ஒரு நிமிட வேலை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. யார் கட்டிலில் கிடக்கிறார், யாருக்கு மூச்சிரைப்பு, யாருக்கு இதயநோய் என்ற பட்டியல் அதிலேயே இருக்கிறது. செப்டம்பரில் அந்த மாத்திரைப் பையோடு ஒரு செவிலியரும் ஐஸ் பெட்டியுமாகப் போனால், நான் சொன்ன அந்த மூன்றாவது மாடிப் பாட்டிக்கும் ஊசி கிடைக்கும். எல்லோருக்கும் ஒரே ஆண்டில் வாங்கப் பணம் போதாது என்றால், படுக்கையில் இருப்பவர்கள், இதய நோயாளிகள், நுரையீரல் நோயாளிகள் என்று தொடங்கட்டும். டெங்குவுக்கும் காசநோய்க்கும் பணம் வேண்டும் என்பது எனக்கும் தெரியும், அவற்றிலிருந்து எடுக்கச் சொல்லவில்லை. 2021 கணக்கீட்டின்படி நம் மாநிலத்தில் 100-க்கு 13 பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள், கேரளத்துக்கு அடுத்த இடம். முதியோர் மருத்துவத்துக்கென நாட்டிலேயே முதல் பிரிவு 1978-ல் நம் அரசு பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. இதிலும் முதல் அடியை இந்த ஊர் எடுத்து வைக்க முடியும்.

பேரப்பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பள்ளியிலிருந்து வைரஸைக் கொண்டுவருவது பெரும்பாலும் அவர்கள்தான், அவர்களை மடியில் வைத்துச் சோறூட்டுவது நாம்தான். ஜப்பானில் 1960-களில் தொடங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டார்கள், 1994-ல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். திட்டம் நடந்த காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 சாவுகள் தவிர்க்கப்பட்டன, அதில் பெரும்பாலும் முதியவர்கள் என்று 2001-ல் ஓர் ஆய்வு கணித்தது. முதியவர் உடம்பில் ஊசி அரைகுறையாக வேலை செய்யும்போது, பிள்ளைகள் உடம்பில் நன்றாக வேலை செய்யும் ஊசி முதியவரையும் சேர்த்துக் காக்கிறது. வசதி உள்ள குடும்பங்கள் இதை யோசிக்கலாம். முதியவரைக் கவனித்துக்கொள்ளும் மருமகளும் மகளும் கூடப் போட்டுக்கொள்ளலாம்.

பயப்படுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம்மூரில் முதியவர்களுக்குத் தோளில் போடும் இந்த ஊசியில் இருப்பது செத்த வைரஸின் துண்டுகள், அதனால் ஃப்ளூ வராது. கை வலிக்கும், சிலருக்கு ஓரிரு நாள் லேசான ஜுரம் இருக்கும். நரம்புகளைப் பாதிக்கும் கியான் பாரே நோய் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பேருக்குக் கூடலாம் என்கிறார்கள். அந்த நோய் முன்பு வந்தவர்கள் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் மழைக்காலத்தில் வீட்டுப் பெரியவர்களைக் கவனியுங்கள். வயதானவர்களுக்கு ஃப்ளூ வந்தால் காய்ச்சலே அடிக்காமல் போகலாம். திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பது, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிப் பேசுவது, காலையில் எழ முடியாமல் படுத்தே கிடப்பது, இவையும் அறிகுறிதான். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை முதல் இரண்டு நாளுக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கஷாயம் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கஷாயம் கொடுத்துப் பார்த்துவிட்டு நான்காவது நாள் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பூண்டி, புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் என்று மழைக்காலத்தில் அன்றாடம் வெளியிடுகிறீர்கள், நாங்களும் தேடிப் படிக்கிறோம். கிண்டி கிங் ஆய்வகம் போன்ற இடங்களில் வாராவாரம் எத்தனை பேருக்கு ஃப்ளூ உறுதியானது, அதில் எச்3என்2 எத்தனை, எச்1என்1 எத்தனை, அறுபதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கைச் சுகாதாரத் துறையிடம் கேட்டு வாங்கி, செப்டம்பர் முதல் ஜனவரி வரை வாரம் ஒரு நாள் வெளியிடுங்கள். கூடவே எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி இருக்கிறது, எங்கே இல்லை என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுகாதாரச் செவிலியர்,
அயனாவரம், சென்னை.